ஒரு கையெழுத்தும் முப்பது வருஷமும்

குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பணத்தை வாங்கப்போவது பெரும்பாலும் மனைவி. ஆனால் அது வருமா, எவ்வளவு வரும், எத்தனை வருஷம் வரும் என்பதைத் தீர்மானிக்கிற விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது கணவன். அதுவும் எப்போது? முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ, ஆபீஸில் சக ஊழியர்கள் நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில். அந்தக் கையெழுத்தின் பலனை அவர் பார்க்கப்போவதே இல்லை. அவர் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும்.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் நாக்பூரிலும் வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மூல காரணமே ஓர் அரசாங்க வேலைதான். செக்ரடேரியட், ரயில்வே, தபால் தந்தி, ஏ.ஜி. ஆபீஸ், பாதுகாப்புக் கணக்குத் துறை என்று தாத்தாவோ அப்பாவோ ஏதோ ஒன்றில் இருந்திருப்பார். இன்று அந்த வீடுகளில் பாட்டிகளும் அம்மாக்களும் வாங்குவது இந்தக் குடும்ப ஓய்வூதியம். அது எப்படி வந்தது என்று தேடிப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் வழக்கோ வயிற்றெரிச்சலோ இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. போரில் இறந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. நடுகல் கல்வெட்டுகளில் "நெய்த்தோர்ப்பட்டி" என்றும் "உதிரப்பட்டி" என்றும் வரும். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தம்தான். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். பெயரிலேயே கணக்கு தெளிவாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது வீரமரணத்துக்கு. ஓலை எழுதிய கணக்கன் காய்ச்சலில் போனால் அவன் வீட்டுக்கு எந்தப் பட்டியும் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1770-ல் ராபர்ட் கிளைவ் ஒரு நிதியை ஏற்படுத்தினார். வங்காள நவாப் மீர் ஜாஃபர் தமக்கு எழுதிவைத்த ஐந்து லட்ச ரூபாயைக் கம்பெனிப் படையில் ஊனமுற்றவர்களுக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் என்று ஒதுக்கினார். கம்பெனியின் படையே இல்லாமல் போன பிறகு, அந்தப் பணம் யாருக்கு என்று லண்டனில் வழக்கு நடந்து, கடைசியில் கிளைவின் வாரிசுகளுக்கே திரும்பிப் போனது. விதவைகளுக்கு என்று சொன்ன பணம்கூட கொடுத்தவர் வீட்டுக்கே திரும்ப வழி இருந்தது. தானத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆங்கிலேய அதிகாரிகளின் குடும்பங்களுக்கு மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி நிதிகள் இருந்தன. இந்திய குமாஸ்தாவுக்கு? அவர் இருக்கும் வரை சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன், இறந்தால் அதோடு சரி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1872-ல் கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்யாசாகர் முன்னின்று இந்து குடும்ப ஆண்டுத்தொகை நிதியைத் தொடங்கினார். மாதாமாதம் கொஞ்சம் கட்டினால், கட்டியவர் இறந்த பிறகு மனைவிக்கோ பெற்றோருக்கோ மாதத் தொகை வரும். விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடிய மனிதர், விதவைகளின் மளிகைச் செலவைப் பற்றியும் யோசித்திருக்கிறார். 1884-ல் தபால் ஊழியர்களுக்கு அஞ்சல் ஆயுள் காப்பீடு வந்தது. இவை எல்லாமே ஊழியர் தன் கையிலிருந்து கட்டிச் சேர்ப்பவை. வேலை கொடுத்த அரசாங்கம், வேலை செய்தவரின் மனைவிக்குப் பென்ஷன் தர வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வரவில்லை.

அது வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். முதல் ஊதியக் குழுவின் தலைவர் நம்மூர்க்காரர், சீனிவாச வரதாச்சாரியார். சென்னையில் நீதிபதியாக இருந்து பிறகு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனவர். அந்தக் குழுவின் அறிக்கை 1947-ல் வந்தது. 1950 ஏப்ரல் 17 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதிய விதிகள் அமலுக்கு வந்தன. பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் அவற்றில்தான் சேர்ந்தன.

ஆஹா என்று சொல்வதற்கு முன் நிபந்தனைகளைப் பாருங்கள். இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் முடித்திருக்க வேண்டும் (பிறகு இருபதாகக் குறைத்தார்கள்). கிடைப்பது அதிகபட்சம் பத்து வருஷம். அதிலும், அவர் ஓய்வு பெற்ற தேதி, அல்லது உயிரோடு இருந்திருந்தால் ஓய்வு பெற்றிருக்கக்கூடிய தேதி, அதற்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் நின்றுவிடும். அப்போது ஓய்வு வயது 55. ஒருவர் 52 வயதில் இறக்கிறார், மனைவிக்கு 42 என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 60 ஆகியிருக்க வேண்டிய வருஷத்தில் பணம் நின்றுவிடும். அப்போது அந்தப் பெண்மணிக்கு வயது 50. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை தாக்குப்பிடிக்க ஓர் உதவி என்பதுதான் அரசின் கணக்கு. அதற்குப் பிறகு மகன் பார்த்துக்கொள்வான். மகன் இல்லாவிட்டால், மகன் பார்க்காவிட்டால் என்ன என்று விதியில் எழுதவில்லை.

1964 ஜனவரி 1-ல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம்தான் உண்மையான திருப்பம். ஒரு வருஷம் சர்வீஸ் இருந்தாலே போதும். மனைவிக்கு, அவர் இறக்கும் வரை அல்லது மறுமணம் செய்யும் வரை பணம் வரும். பத்து வருஷக் கெடு போய்விட்டது. ஆனால் ஒரு கொக்கி வைத்தார்கள். இந்தத் திட்டத்தில் சேர, ஊழியர் தன் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாத சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கவும் செய்யலாம்.

இங்கேதான் கையெழுத்து நுழைகிறது.

எங்கள் குடும்பம் திருச்சி பொன்மலைப் பக்கம். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். ரயில்வேயில் முதலில் பென்ஷனே கிடையாது, பிராவிடண்ட் ஃபண்ட்தான். 1957 நவம்பர் 16-ல்தான் பென்ஷன் திட்டம் வந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கட்டாயம்; பழைய ஆட்களுக்கு இரண்டில் எது வேண்டுமோ அது. முடிவு செய்யும் கெடுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை, பலமுறை வாய்ப்புக் கொடுத்தார்கள். தாத்தா பென்ஷனுக்கு எழுதிக்கொடுத்தார். அதே ஷாப்பில் வேலை பார்த்த எதிர் வீட்டுத் தாத்தா பி.எஃப். போதும் என்று இருந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவாக வருகிற பென்ஷன் என்ன பெரிய தொகை? பி.எஃப். மொத்தமாக வரும். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடிக்கலாம், ஓட்டைப் பிரித்துவிட்டு மேலே தளம் போடலாம். அவர் அதைத்தான் செய்தார், நன்றாகவும் செய்தார். ஊரே மெச்சியது. ஓய்வு பெற்ற சில வருஷங்களில் காலமாகிவிட்டார். என் தாத்தாவும் அதற்கடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு பெண்கள் எதிரெதிர் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது, இருவரின் கணவர்களும் ஒரே ஷாப், ஒரே கிரேடு. என் பாட்டிக்கு மாதா மாதம் பென்ஷன் வந்தது. எதிர் வீட்டு அத்தைக்கு (பாட்டி வயதுதான், ஆனால் தெருவுக்கே அவர் அத்தை) ஒன்றும் கிடையாது. பி.எஃப். திட்டத்தில் ஓய்வு பெற்று இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை என்று மாதம் 150 ரூபாய் கொடுக்க 1988-ல் உத்தரவு வந்தது. 1986 ஜனவரியிலிருந்து கணக்கு. அதே 1986 ஜனவரியில் மத்திய அரசின் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 375 ரூபாய், அகவிலை நிவாரணம் தனி. 1996-ல் குறைந்தபட்சம் 1,275 ஆனது. கருணைத் தொகை 1997 நவம்பரில் 605 ஆனது.

வித்தியாசம் ரூபாயில் மட்டும் இல்லை. பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குக் காசு கொடுப்பது பாட்டி. மருந்து வாங்க யாரையும் கேட்க வேண்டாம். மருமகளோடு மனஸ்தாபம் வந்தால், "நான் என் பென்ஷன்ல இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம் (சொல்லுவார்!). எதிர் வீட்டு அத்தை எதைக் கேட்டாலும் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். மகன் நல்லவர்தான். ஆனால் முகம் பார்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை பாட்டியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "உங்க வீட்டுக்காரர் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு, எங்க வீட்டுக்காரர் இன்னொண்ணுல போட்டாரு. நம்மள யாரு கேட்டா?"

பி.எஃப். வாங்கியவர்கள் பென்ஷனுக்கு மாற வழி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கிருஷேண குமார் வழக்கில் 1990-ல் தீர்ப்பு வந்தது. இரண்டும் வெவ்வேறு திட்டங்கள், வாய்ப்புக் கொடுத்தபோது எடுத்துக்கொள்ளாதவர்கள் பிறகு சமத்துவம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அத்தைக்கு எப்போது வாய்ப்புக் கொடுத்தார்கள்?

மத்திய அரசின் மற்ற துறைகளில் கதை கொஞ்சம் நல்லபடியாகத் திரும்பியது. 1977 செப்டம்பர் 22 முதல், இரண்டு மாத சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசு எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே ஒதுங்கியவர்களின் மனைவிகளும், 1964-க்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்களின் மனைவிகளும் வெளியே நின்றார்கள். இதற்கிடையில் 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கின் தீர்ப்பு வந்தது. டி.எஸ். நகரா பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை. ஒரு தேதியைக் கோடாகக் கிழித்து ஓய்வூதியர்களை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஓய்வூதியர்கள் அந்த நாளை இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நகரா பெயர் தெரிந்த அளவுக்குப் பூனமல் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. விடுபட்ட விதவைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நகரா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி டி.ஏ. தேசாய் 1985 ஏப்ரல் 30 அன்று இதிலும் தீர்ப்பு எழுதினார். ஊழியரின் உழைப்புக்கு ஈடாகத்தான் குடும்ப ஓய்வூதியம் என்றால், மனைவிக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது உரிமையாகவே சேர வேண்டும் என்றார். வெளியே நின்ற குடும்பங்களுக்கும் 1977 செப்டம்பர் 22 முதல் கணக்கிட்டு நிலுவையோடு கொடுக்க வழி பிறந்தது. கணவன் போட்ட "வேண்டாம்" என்ற கையெழுத்தை அழித்து எழுதிய முதல் தீர்ப்பு என்று நான் இதை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஓய்வு பெற்ற பிறகு செய்துகொண்ட திருமணம் என்றால் மனைவிக்குக் கிடையாது என்று ஒரு விதி இருந்தது. 1989-ல் பகவந்தி வழக்கில் அது போனது. 1991-ல் வயலட் ஐசக் வழக்கு. ரயில்வே ஊழியர் ஒருவர் இறந்ததும், அவர் தன் பெயருக்கு உயில் எழுதியிருக்கிறார் என்று சகோதரர் வந்து நின்றார். குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அல்ல, அதை உயில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது என்று தீர்ப்பானது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு, நிலம், நகை எல்லாவற்றிலும் பங்கு கேட்க ஆள் வரும். இந்த ஒன்றில் வர முடியாது.

மறுமண விஷயத்தில்தான் விதி மெதுவாக நகர்கிறது. விதவை மறுமணம் செய்தால் அவருக்கு வருவது நின்றுவிடும். தகுதியுள்ள குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குப் போகும். 2006 ஜனவரி 1 முதல் ஒரே ஒரு விலக்கு. குழந்தை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும், அவருடைய வேறு வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாத வரை தொடர்ந்து வாங்கலாம். மகள்களுக்கும் கதவு திறந்தது. 2004-ல் விதவையான, விவாகரத்தான மகள்களுக்கு வயது வரம்பு தளர்ந்தது, 2007-ல் திருமணமாகாத மகள்களுக்கும். 2024 ஜனவரியில் வந்த உத்தரவு கையெழுத்தைப் பெண் பக்கமே திருப்பியது. விவாகரத்து வழக்கோ குடும்ப வன்முறைப் புகாரோ நிலுவையில் இருக்கும் பெண் ஊழியர், கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி எழுதிக்கொடுக்கலாம்.

எல்லாம் முன்னே போகிறது என்று நினைக்கும்போது, கதை மறுபடி பொன்மலைக்கே வந்து நிற்கிறது. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது (ராணுவத்தினர் விலக்கு). புதிய திட்டத்தில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி மொத்தமாக வரும், மீதியில் மாத வருமானம் தரும் ஆன்யுட்டி வாங்க வேண்டும். ஆன்யுட்டியில் பல வகை. மனைவிக்கும் தொடரும் வகை இருக்கிறது, வாங்கியவரோடு முடியும் வகையும் இருக்கிறது. பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்குப் பழைய முறையா புதிய முறையா என்பதற்கு 2021 விதிகளில் ஒரு விருப்பப் படிவம் இருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. இருபத்தைந்து வருஷ சர்வீஸ் இருந்தால் கடைசிப் பன்னிரண்டு மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அவர் இறந்த பிறகு மனைவிக்கு அதில் 60 விழுக்காடு. பழைய முறையில் ஓய்வூதியம் சம்பளத்தில் 50 விழுக்காடு, குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள், விகிதம் ஒன்றேதான். ஆனால் ஒரு வரி கண்ணில் பட்டது. ஓய்வு பெறும் தேதியில் சட்டப்படி மனைவியாகவோ கணவனாகவோ இருப்பவருக்குத்தான் அந்த 60 விழுக்காடு. 1989-ல் பகவந்தி வாங்கிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டேன்.

ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கக் கொடுத்த கெடு 2025 நவம்பர் 30 வரை நீண்டது. அந்த மாதங்களில் அரசு வேலையில் இருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் எக்செல் ஷீட்டோடு வந்தார்கள் (நான் நிதித் துறையில் இருப்பதால் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு). பங்குச் சந்தை எவ்வளவு ஏறும், மொத்தமாக எவ்வளவு கையில் வரும், 80 வயது வரை இருந்தால் எது லாபம் என்று நுணுக்கமான கணக்கெல்லாம் அதில் இருந்தது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "உனக்குப் பிறகு அவங்களுக்கு எவ்வளவு?" அந்தக் கட்டம் யாருடைய ஷீட்டிலும் இல்லை. மனைவியோடு உட்கார்ந்து பேசினாயா என்றால் சிரிக்கிறார்கள். 1957-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அப்போது காகிதம், இப்போது எக்செல்.

எது நல்ல திட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் வயது, சர்வீஸ், கடன் வேறு வேறு. படிவத்தில் ஒருவர் கையெழுத்து இருந்தாலும், முடிவில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு முழுக்கச் சொல்வதாக எனக்குப் படுகிறது.

வெளியூரில் இருக்கும் நமக்கு வீட்டு வேலையும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் பென்ஷன் ஆணையை எடுத்துப் பாருங்கள். அம்மா பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா? ஆதாரில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா? முக்கியமாக, அம்மாவின் பிறந்த தேதி இருக்கிறதா? 80 வயதில் 20 விழுக்காடு, 85-ல் 30, 90-ல் 40 என்று குடும்ப ஓய்வூதியம் கூடுகிறது. பழைய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லாததால் அந்தக் கூடுதல் தொகை தள்ளிப் போகிறது. பென்ஷன் வரும் கணக்கு அம்மாவோடு கூட்டுக் கணக்காக இருந்தால், அப்பாவுக்குப் பிறகு அதே கணக்கில் தொடரலாம். அம்மா உங்களோடு தில்லியிலோ பெங்களூரிலோ இருந்தால் நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காகத் திருச்சிக்கு டிக்கெட் போட வேண்டாம். 2014 முதல் ஜீவன் பிரமான் முறையில் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கலாம். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று. அம்மாவின் ஏ.டி.எம். கார்டு உங்கள் பர்ஸில் இருந்தால், அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உயிலாலும் பிடுங்க முடியாத பணம் அது.